புதுச்சேரி புழுக்கத்துல பியர்டியும் பால் பைத்தானும்: டேங்க்ல சூடு, ஈரப்பதம் செட் பண்றது எப்படி

ரெப்டைல் வளர்க்கறத பத்தி வீடியோ போடுறவங்கள்ல முக்கால்வாசி பேர் குளிர் நாட்டுக்காரங்க. அவங்க ரூமே 18, 20 டிகிரிலதான் இருக்கும், குளிர்காலத்துல ஹீட்டர் ஓடி காத்து காய்ஞ்சு கெடக்கும், அதனால அவங்க சொல்றதெல்லாம் சூட்ட ஏத்து, தண்ணி அடி, மேல மூடுங்கற மாதிரியே இருக்கும். அத அப்படியே எடுத்துட்டு வந்து புதுச்சேரி முத்தியால்பேட்டையிலயோ கடலூர் மஞ்சக்குப்பத்துலயோ செஞ்சு பாத்தா டேங்க் ஆவி பறக்கற இட்லிப் பானை ஆயிடும். நம்ம கடற்கரைல ரூமே மே மாசம் 34, 35 டிகிரி, ஈரப்பதம் வருஷம் பூரா 70, 80 சதவீதம். அதனால இங்க வேலை தலைகீழ். மொதல்ல ரூம கவனிக்கணும், அப்புறம்தான் டேங்க்.

இதுல ரெண்டு பிராணிய மட்டும்தான் எடுத்துக்கறேன். ஒண்ணு ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாட்டுல வாழுற பியர்டட் டிராகன், ஓணான் மாதிரி இருக்கும், சுருக்கமா பியர்டி. இன்னொண்ணு மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்து பால் பைத்தான்ங்கற பாம்பு. ஒண்ணுக்கு காய்ஞ்ச காத்து வேணும், ஒண்ணுக்கு ஈரம் வேணும், ரெண்டுக்கும் செட்டப் புரிஞ்சுட்டா மத்ததுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். கிரெஸ்டட் கெக்கோங்கற பல்லிய பத்தி கேக்குறவங்களுக்கு ஒரே பதில், ரூமுக்கு வருஷம் பூரா ஏசி ஓட்ட முடியும்னா வாங்குங்க, இல்லன்னா வேணாம். 28 டிகிரிக்கு மேல நாள் கணக்கா போனா அதுக்குத் தாங்காது, நம்ம ஊர்ல கத்திரில ராத்திரியே 28 இருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். நட்சத்திர ஆமை, உடும்பு, மண்ணுளி பாம்பு, நம்ம நாட்டு மலைப்பாம்பு இதெல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, வீட்ல வெச்சாலே குத்தம், யாரு சொல்லி குடுத்தாலும் வாங்காதீங்க. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், ஆனா சைட்டிஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கறதால 2024ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல ரிஜிஸ்டர் பண்ணணும், கைக்கு வந்த 30 நாளுக்குள்ள. விக்கறவர் கிட்ட பேப்பர் கேளுங்க, "அதெல்லாம் ஒண்ணும் தேவையில்ல தம்பி"ன்னு சொன்னா வேற எடம் பாருங்க.

மொதல் வேலை: ரூம் எப்படி இருக்குன்னு அளக்கறது

பிராணி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ப்ரோப் வயர், அதாவது முனைல சென்சார் வெச்ச வயர் உள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர், ஈரப்பதமும் சேத்துக் காட்டுறது, ரெண்டு வாங்கிடுங்க. வட்டமா முள்ளு வெச்சு வர்ற ஸ்டிக்கர் மீட்டர் வேணவே வேணாம், அது காட்டுறது ஒரு நம்பர், அவ்வளவுதான். கூடவே தொடாமலே சூட்ட அளக்கற டெம்பரேச்சர் கன் ஒண்ணு. இந்த மூணும் வந்த பிறகுதான் பல்பு பத்தியே யோசிக்கணும், நிறைய பேர் பல்ப மொதல்ல வாங்கிட்டு மீட்டர அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க.

மீட்டர நம்பலாமான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, செலவே இல்ல. ஒரு பாட்டில் மூடில கல்லுப்பு போட்டு, அது கரையாம சும்மா சேறு மாதிரி ஆகுற அளவுக்கு மட்டும் சொட்டு சொட்டா தண்ணி விடுங்க. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு இறுக்கி மூடி, உப்பு மீட்டர்ல படாம, ஏழெட்டு மணி நேரம் நிழல்ல விட்டுடுங்க. உள்ள இருக்கற காத்து 75 சதவீதத்துல வந்து நிக்கும், உப்போட குணம் அப்படி. மீட்டர் 70 காட்டுனா அது 5 கம்மியா காட்டுதுன்னு பின்னாடி மார்க்கர்ல எழுதிடுங்க. மரக்காணம் உப்பளம் பக்கத்துலயே இருக்கற ஊர்ல இதுக்குன்னு ஆன்லைன்ல கிட் வாங்கறது எனக்கு கொஞ்சம் சிரிப்பா இருக்கும். கடல் காத்துல இந்த மீட்டரெல்லாம் சீக்கிரம் கெடும், வருஷத்துக்கு ரெண்டு தடவயாவது இந்த டெஸ்ட் பண்ணுங்க.

அப்புறம் டேங்க் வைக்கப் போற அதே எடத்துல மீட்டர வெச்சுட்டு காலைல ஆறு மணி, மதியம் ரெண்டு மணி, ராத்திரி பத்து மணி, மூணு வேளையும் நோட்ல எழுதுங்க. மொட்டை மாடி ரூம், மேல சீட்டு போட்ட ரூம், மேற்கு வெயில் நேரா அடிக்கற சுவர் இதெல்லாம் தவிர்த்துடுங்க. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, முற்றம் வெச்ச வீடு உள்ளவங்க குடுத்து வெச்சவங்க, நடு ரூம் ரெண்டு மூணு டிகிரி கம்மியாவே இருக்கும். ஜன்னல் வெயில் கண்ணாடி டேங்க்ல நேரா விழுற எடத்துல மட்டும் எப்பவுமே வைக்கக் கூடாது, அரை மணி நேரத்துல உள்ள இருக்கறது செத்துப் போயிடும்.

நம்பர் என்ன வரணும்

பியர்டிக்கு வெயில் காயற கல்லு மேல 40 டிகிரி சுமாரா, 38லேர்ந்து 42 வரைக்கும் பரவால்ல. குளிர்ச்சியான மூலை 25லேர்ந்து 29. ராத்திரி 20 வரைக்கும் எறங்கினாலும் கவலை இல்ல, நம்ம ஊர்ல மார்கழிலயும் ரூம் அதுக்குக் கீழ போறது அபூர்வம். ஈரப்பதம் புத்தகத்துல 30, 40 சதவீதம்னு இருக்கும். பால் பைத்தானுக்கு சூடான பக்கத்து ஒளியற எடம் 31லேர்ந்து 33, குளிர்ச்சியான பக்கம் 25லேர்ந்து 27, ஈரப்பதம் 60லேர்ந்து 80.

முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, டேங்க் பூரா ஒரே சூடு இருக்கக் கூடாது. அதுங்களுக்கு நம்மள மாதிரி உடம்புச் சூட்ட உள்ளேயே வெச்சுக்கற வசதி இல்ல, வேணும்போது சூடான பக்கம் போகும், போதும்னா அந்தப் பக்கம் நகரும். அதனால நீளம் வேணும். வளந்த பியர்டிக்கும் பால் பைத்தானுக்கும் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 2 அடி டேங்க்ல ஒரு மூலைல பல்பு போட்டா நம்ம ஊர் வெயில்ல மறு மூலையும் அதே சூடுதான், ஓடிப் போக எடமே இருக்காது.

சூட்டுக்கும் ஈரத்துக்கும் உள்ள தொடர்பு

புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டிக்கற எடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க. மீட்டர் காட்டுற சதவீதம் காத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு நேரா சொல்றதில்ல, அந்தச் சூட்டுல காத்து எவ்வளவு பிடிக்க முடியுமோ அதுல எத்தன பங்கு இருக்குன்னு சொல்லுது. காத்து சூடாக சூடாக பிடிக்கிற அளவு ஏறும். அதனால 28 டிகிரில 80 சதவீதம் காட்டுற அதே காத்த ஒரு துளி தண்ணி குறைக்காம 38 டிகிரிக்கு சூடாக்கினா 45 சதவீதம்தான் காட்டும்.

லாஸ்பேட்டைல ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தான், "அண்ணே, பியர்டி டேங்க்ல ராத்திரி 82 காட்டுது, தண்ணிக் கிண்ணத்தையே எடுத்துட்டேன், அப்பவும் எறங்க மாட்டேங்குது, என்னண்ணே பண்றது"ன்னு. தண்ணிக் கிண்ணத்த திரும்ப வைடான்னுதான் சொன்னேன். ராத்திரி பல்பு அணைஞ்சதும் டேங்க் ரூம் சூட்டுக்கு வந்துடும், அப்போ ரூம்ல என்ன நம்பரோ அதுதான் டேங்க்லயும். மதியம் பல்பு கீழ ஈரப்பதம் அளந்து பாத்தா 42 சதவீதம். அவன் பயந்தது ராத்திரி நம்பரப் பாத்து. பாக்க வேண்டியது மதியம் குளிர்ச்சியான பக்கம் என்ன காட்டுது, தரை ஈரமா இருக்கா, கண்ணாடில உள்பக்கம் தண்ணி கோத்து நிக்குதா, இந்த மூணும்தான். பகல்ல அந்தப் பக்கம் 55, 60க்குள்ள வந்து காத்து நல்லா ஓடினா பியர்டி நல்லாவே இருக்கும். நாள் முழுக்க 70க்கு மேல, தரையும் நச நசன்னு இருந்தா மட்டும்தான் மூச்சுப் பிரச்சனை, தோல் பிரச்சனை வரும்.

இதுக்கு நேர் எதிரா பால் பைத்தான்ல ஒரு வேடிக்கை நடக்கும். சாதாரணமா நம்ம ரூம் காத்தே அதுக்குப் போதும், 30 டிகிரி 75 சதவீத ரூம்ல டேங்க் 32 ஆனா 67 சதவீதம் தானா நிக்கும், ஸ்பிரே பாட்டிலே தேவையில்ல. ஆனா கத்திரி வெயில்ல பாம்பு பாவம்னு ரூமுக்கு ஏசி போடுவோம். ஏசி தண்ணிய உறிஞ்சு வெளிய விட்டுடும், ரூம் 25 டிகிரி 55 சதவீதம் ஆயிடும், அந்தக் காத்து டேங்க்ல 32க்கு சூடாகும்போது 37 சதவீதம்! அதனாலதான் புதுச்சேரி மாதிரி ஊர்ல பாம்பு சட்டை ஒழுங்கா உரியாம துண்டு துண்டா வர்றது மழைக்காலத்துல இல்ல, மே மாசம் ஏசி ரூம்ல. கண்ணு மேல இருக்கற மூடி உரியாம ஒட்டிட்டு நிக்கறதும் அப்பதான்.

ஏசி போட்டா பியர்டிக்கு கொண்டாட்டம், பைத்தானுக்கு ஈரம் சேக்கணும். ரெண்டையும் ஒரே ரூம்ல வைக்கிறவங்க இத மனசுல வெச்சுக்கணும். ஏசிய 26, 27லயே வைங்க, போதும்.

செட்டப்: பொட்டி, காத்து, தரை

பொட்டிக்கு ப்ளைவுட் நம்ம ஊருக்கு சரிப்படாது, ஒரு மழைக்காலத்துல உப்பிடும், கரையான் வேற. பிவிசி ஷீட்ல முன்பக்கம் கண்ணாடி ஸ்லைடிங் வெச்சு உள்ளூர் அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடைல செஞ்சுக்கறதுதான் நல்லது. சொல்லும்போதே காத்து ஓட்டைய தெளிவா சொல்லுங்க, குளிர்ச்சியான பக்கம் கீழ ஒண்ணு, சூடான பக்கம் மேல ஒண்ணு. சூடான காத்து தானா மேல ஏறி வெளிய போகும், கீழ புதுக் காத்து உள்ள வரும், ஃபேன் இல்லாமலே ஓடும். ரெண்டு ஓட்டையும் மேலயே வெச்சீங்கன்னா கீழ இருக்கற ஈரக் காத்து அங்கேயே தேங்கி நிக்கும். மழை மாசத்துல இதுவும் பத்தாதுன்னா பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின 12 வோல்ட் ஃபேன் ஒண்ண மேல் ஓட்டைல வெளிய ஊதுற மாதிரி மாட்டுங்க. ஞாயித்துக்கிழம காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல தேடினா பழைய ஃபேனும் அடாப்டரும் கிடைக்கும்.

பியர்டிக்கு தரைல டைல்ஸ், பல்பு கீழ ஒரு துண்டு கடப்பாக் கல். கல்லு சூட்ட பிடிச்சு வெச்சுக்கும், வயித்த வெச்சு படுத்துக்கும், நகமும் தேயும். பைத்தானுக்கு நர்சரில விக்கற கோக்கோபீட் கட்டிய ஊற வெச்சு, நல்லா பிழிஞ்சு, மூணு நாலு இஞ்ச் போடுங்க. ஈரம் தேவைப்படும்போது மேல ஸ்பிரே அடிக்காம மூலைல தண்ணிய ஊத்துங்க, கீழ் அடுக்கு ஈரமாவும் மேல் அடுக்கு காய்ஞ்சும் இருக்கும். மேல ஈரம் நின்னா வயித்துச் செதில் அழுகும், அத ஸ்கேல் ராட்னு சொல்வாங்க. ஏசி காலத்துல தண்ணிக் கிண்ணத்த சூடான பக்கமா நகத்தி வெச்சாலும் ஈரம் ஏறும். மிஸ்டிங் மெஷின், ஃபாகர் ரெண்டும் நம்ம கடற்கரைக்கு வீண் காசு. டேங்க்குள்ள தொங்க விடுற சிலிக்கா பாக்கெட்டும் அப்படித்தான், காத்து ஓடுற டேங்க்ல அது கடல் காத்தோட போட்டி போட முடியாது. பியர்டி ரூமுக்கு ஏசி இல்லாதவங்க காசு இருந்தா கரண்ட்ல ஓடுற டீஹ்யூமிடிஃபையர் வாங்கலாம், ஆனா அது ரூம ஒண்ணு ரெண்டு டிகிரி சூடாக்கும், கத்திரில இல்ல, ஐப்பசி கார்த்திகைலதான் உதவும்.

ஸ்டாண்டோட நாலு காலுக்கும் கீழ தண்ணிக் கிண்ணம் வைங்க, இல்லன்னா எறும்பு ஏறிடும்.

பல்பும் தெர்மோஸ்டாட்டும்

பியர்டிக்கு ஹாலோஜன் பல்பு. எல்இடி சூடு தராது. வெளிநாட்டு கைடுல 100, 150 வாட்னு இருக்கும், நம்ம ரூம் ஏற்கெனவே சூடு, 50 வாட்ல ஆரம்பிங்க. கல்லுக்கு ஒரு அடி மேல மாட்டி ஒரு மணி நேரம் எரிய விட்டுட்டு டெம்பரேச்சர் கன்ன கல்லு மேல காட்டுங்க. கண்ணாடி வழியா காட்டாதீங்க, கண்ணாடியோட சூடுதான் வரும், கதவ திறந்து காட்டணும். 45 வந்தா பல்ப ரெண்டு இஞ்ச் ஏத்துங்க, 35 வந்தா எறக்குங்க. இத கத்திரிக்கு ஒரு தடவ, மார்கழிக்கு ஒரு தடவ திரும்ப செய்யணும், ஒரே உயரத்துல வருஷம் பூரா விட்டா மே மாசம் கல்லு 48க்கு போயிடும். புற ஊதாக் கதிர் தர்ற யுவிபி டியூப் பியர்டிக்கு தனியா வேணும், அது சூட்டுக்கு இல்ல, கண்ணாடி வழியா அந்தக் கதிர் வராது, அதனால உள்ளயே மாட்டணும்.

பைத்தானுக்கு வெளிச்சம் இல்லாம சூடு மட்டும் தர்ற செராமிக் ஹீட் எமிட்டர், இல்லன்னா அடில ஹீட் மேட். செராமிக்கோ பல்போ உள்ள மாட்டினா பாம்பு தொட முடியாதபடி கம்பி வலைக் கூண்டு போடணும், சூடான பல்ப சுத்திப் படுத்து வெந்து போற பாம்பு உண்டு, அதுக்கு சட்டுனு சுடுறது தெரியாது. ஹோல்டர் பீங்கான்ல வாங்குங்க, பிளாஸ்டிக் உருகும். குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடல ஒட்டி இருக்கறவங்க மாசம் ஒரு தடவ மெயின் ஆஃப் பண்ணிட்டு ஹோல்டர் உள்ள பாருங்க, உப்புக் காத்துல பித்தளை பச்சை பூத்து லூஸ் காண்டாக்ட் ஆகி பொறி அடிக்கும்.

செட் பண்ண சூடு வந்ததும் ஹீட்டர அணைக்கற தெர்மோஸ்டாட் இல்லாம எந்த ஹீட்டரும் கூடாது, ஹீட் மேட் கண்டிப்பா கூடாது. கோழி இன்குபேட்டர் செய்றவங்க போடுற எஸ்டிசி 1000ங்கற தெர்மோஸ்டாட் ஹீட் மேட்டுக்கும் செராமிக்குக்கும் போதும். பல்புக்கு மட்டும் அது சரிவராது, அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா பல்பு சீக்கிரம் போயிடும், அணைக்காம கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் குறைக்கற டிம்மிங் தெர்மோஸ்டாட் வேணும். எஸ்டிசில எஃப்1 தான் செட் பண்ற சூடு, எஃப்2 எத்தன டிகிரி வித்தியாசத்துல ஆன் ஆகணும்னு, எஃப்4 மீட்டர் தப்பா காட்டினா சரி பண்ண. பைத்தானுக்கு எஃப்1 32, எஃப்2 1 வைங்க. அதுல ஹீட்டிங் கூலிங் ரெண்டு லைன் இருக்கறதப் பாத்துட்டு கூலிங் லைன்ல ஃபேன் மாட்டலாமேன்னு தோணும், ஆனா ப்ரோப் ஒண்ணுதான். ஹீட்டருக்கு ப்ரோப் சூடான பக்கம் இருக்கணும், ஃபேனுக்கு குளிர்ச்சியான பக்கம் இருக்கணும், ரெண்டு வேலைக்கும் ஒண்ணு ஆகாது, ரெண்டு பீஸா வாங்கிடுங்க. மெயின் கரண்ட் வயரிங் தெரியலன்னா எலக்ட்ரீஷியன் கிட்ட குடுங்க.

ப்ரோப்ப பாம்பு இழுத்துப் போடாதபடி கேபிள் டை வெச்சு இறுக்குங்க. ப்ரோப் வெளிய விழுந்தா அது ரூம் சூட்ட பாத்துட்டு இன்னும் சூடு பத்தலன்னு ஹீட்டர நிறுத்தாம ஓட்டும். டேப் ஒட்டாதீங்க, டேப்ல பாம்பு ஒட்டிக்கிட்டா தோலோட வரும்.

அது என்ன சொல்லுதுன்னு பாருங்க

பியர்டி பல்பு கீழ வாயத் தொறந்துட்டு உக்காந்தா அது சாதாரணம், சூட்ட விடுது. குளிர்ச்சியான மூலைல போயும் வாயத் தொறந்துட்டு இருந்தா டேங்க்ல சூடு அதிகம். பைத்தான் நாள் பூரா தண்ணிக் கிண்ணத்துலயே கெடந்தா சூடு அதிகமா இருக்கலாம், இல்ல உண்ணி இருக்கலாம், செதில் இடுக்குல கருப்பு புள்ளி நகருதான்னு பாருங்க. மூக்குல நுரை, மூச்சு விடும்போது விசில் சத்தம், தலைய மேல தூக்கிட்டே இருக்கறது இதெல்லாம் நுரையீரல் தொற்று, வீட்டு வைத்தியம் பண்ணாம டாக்டர் கிட்ட போங்க. குரும்பாபேட்ல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, ஊர்வன பாக்கற டாக்டர் எந்த நாள் இருப்பாருன்னு போன்ல கேட்டுட்டுப் போனா அலைச்சல் மிச்சம்.

கரண்ட் போனா

2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறினப்போ நாள் கணக்கா கரண்ட் இல்ல. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்தப்போ புதுச்சேரில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணை பெருகி கடலூர்ல வீட்டுக்குள்ள தண்ணி. அதனால இந்தப் பக்கம் வளர்க்கறவங்க ஐப்பசி பொறக்கும்போதே தயாரா இருக்கணும். தரைத்தளம்னா டேங்க் இடுப்பு உயரத்துக்கு மேல இருக்கட்டும், காத்து ஓட்டை போட்ட மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு தூக்கிட்டுப் போற மாதிரி கைல இருக்கட்டும்.

புயல் நேரத்துல சூடு இல்லன்னு பதறாதீங்க, ரூம் 24, 25 இருக்கும், அது ரெண்டு மூணு நாள் ரெண்டையும் ஒண்ணும் பண்ணாது. பண்ணக் கூடாதது தீனி போடறது. சூடு இல்லாம செரிக்காது, பைத்தான் கக்கிடும். மழை வருதுன்னு அறிவிப்பு வந்ததுமே தீனிய நிறுத்திடுங்க, கரண்ட் வந்து சூடான பக்கம் ஒரு நாள் முழுக்க சரியா நின்ன பிறகு குடுங்க.

ஆபத்து கத்திரி வெயில் மதியத்துல போற கரண்ட்தான். உடனே ஹீட்டர் பிளக்க கழட்டுங்க, முன் கண்ணாடிய ஒரு விரல் அளவு தொறந்து கிளிப் போடுங்க. ஃப்ரீசர்ல எப்பவும் ரெண்டு பாட்டில் தண்ணி உறைஞ்சு இருக்கட்டும், துண்டுல சுத்தி குளிர்ச்சியான பக்கத்து மேல வைங்க, பிராணி மேல படாம. ஈரத் துணி போத்தறது நம்ம ஊர்ல அவ்வளவா வேலை செய்யாது, காத்துல ஏற்கெனவே ஈரம் இருக்கறதால துணி காயாது, காயாத துணி குளிராது. ரூம் 36 தாண்டிடுச்சுன்னா பிராணிய டப்பால போட்டு வீட்லயே குளிர்ச்சியான தரைல வைங்க, பாத்ரூம் தரை நல்லது.

கரண்ட் வந்ததும் மொதல்ல பல்போட டைமரப் பாருங்க. முள்ளு சுத்துற சாதா டைமர் கரண்ட் போன நேரம் அளவுக்கு பின்தங்கி நிக்கும், ஆறு மணி நேரம் போயிருந்தா பல்பு நடுராத்திரி வரைக்கும் எரிஞ்சுட்டு, காலைல வர வேண்டியது மதியம்தான் வரும். கைல சுத்தி சரி பண்ணிடுங்க.